சர்க்கரை சேர்க்காத பிஸ்கட்டைத் தின்றும் சர்க்கரை ஏறுவது ஏன்?

கேள்வி: என் மாமனாருக்குச் சர்க்கரை நோய். மாலைக் காபியோடு சாப்பிட ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று போட்ட பிஸ்கட்டைத்தான் வாங்கித் தருகிறோம். விலை இரண்டு மடங்கு. ஆனாலும் சர்க்கரை குறையவில்லை. கம்பெனிக்காரர்கள் ஏமாற்றுகிறார்களா? ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று அச்சிட்ட கடலெண்ணெய்க்குக் கூடுதல் விலை கொடுப்பதும் வீண்தானா?
- வாசகி, ஈரோடு

பதில்: அச்சிட்டிருப்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. சீனி, வெல்லம், தேன் போன்றவற்றைத் தனியாகச் சேர்க்கவில்லை என்பதுதான் அதற்குப் பொருள். சிக்கல் மைதாவில் இருக்கிறது. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். எடை அதிகமான பொருளில் தொடங்கித்தான் சேர்மானங்களை எழுத வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் மைதாதான் முதலில் நிற்கும்.

மைதாவின் பெரும்பகுதி மாவுச்சத்து. நூற்றுக்கணக்கான குளுக்கோஸ் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்து நிற்பதுதான் மாவுச்சத்து. கோதுமைச் செடி தன் விதைக்காகச் சேமித்து வைத்த சாப்பாடு. சங்கிலியாக இருக்கும்வரை நாக்குக்கு இனிப்புத் தெரியாது. வெறும் சோற்றை ஒரு வாய் போட்டு விழுங்காமல் மென்றுகொண்டே இருங்கள், லேசாக இனிக்கத் தொடங்கும். எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி சங்கிலியை அறுக்கிறது. மீதி வேலையைச் சிறுகுடல் முடித்து, குளுக்கோஸாக ரத்தத்தில் விடுகிறது. சேர்மானத்தில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்று கண்டால் இன்னும் உஷாராக இருங்கள். அது ஏற்கெனவே துண்டாக்கப்பட்ட மாவுச்சத்து, விறுவிறுவென ஏறும்.

நார்ச்சத்தில் உள்ள செல்லுலோசும் இதே குளுக்கோஸால் ஆனதுதான். கண்ணிகள் இணையும் விதம் மட்டும் வேறு. அதை அறுக்கும் நொதி நம் உடலில் இல்லை, அதனால் அது குளுக்கோஸாக ரத்தத்தில் ஏறாது. (மாட்டுக்கும் கிடையாது. அதன் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள்தான் செய்துகொடுக்கின்றன.) ஆகவே பாக்கெட்டில் உள்ள சத்து அட்டவணையில் ‘சர்க்கரை’ வரியோடு நின்றுவிடாமல் ‘கார்போஹைட்ரேட்’ வரியையும் படியுங்கள். 100 கிராமில் 70 கிராம் கார்போஹைட்ரேட், 3 கிராம் நார்ச்சத்து என்றிருந்தால், மீதி ஏறக்குறைய முழுவதும் ரத்தத்துக்குத்தான் போகும். அந்தக் காசுக்குக் கொஞ்சம் வறுத்த வேர்க்கடலையோ சுண்டலோ கொடுப்பது மேல் என்பேன்.

எண்ணெய் விஷயத்தில் தயங்காமல் சொல்கிறேன்: அந்த வாசகத்துக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள். கொலஸ்ட்ரால் விலங்குகளின் உடலில் உண்டாவது. செல் சவ்வுக்கு அது தேவை. தாவர எண்ணெய் எதிலுமே அது பொருட்படுத்தும் அளவுக்கு இருக்காது. பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பின் அளவை. கொழுப்பு மூலக்கூறில் ஒரு கிளிசராலோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் சேர்ந்திருக்கும். நிறைவுற்ற அமிலங்கள் நேராக இருப்பதால் நெருங்கி அடுக்கிக்கொள்ளும், சீக்கிரம் உறையும். 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காயெண்ணெய் உறைவது இதனால்தான், கலப்படத்தால் அல்ல. அதில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. கடலெண்ணெய், நல்லெண்ணெயில் பெரும்பகுதி நிறைவுறாதது. அந்த அமிலங்கள் நடுவில் வளைந்திருப்பதால் நெருங்க முடியாமல் திரவமாகவே இருக்கின்றன. கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பும், எண்ணெயை வனஸ்பதிபோலக் கெட்டியாக்கும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பும். எண்ணெய், வனஸ்பதியில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரி, அளவோடுதான் ஊற்ற வேண்டும்.

‘சேர்க்கவில்லை’ என்று முன்பக்கம் போட்டுவிட்டுப் பின்பக்கச் சேர்மானத்தில் சீனியோ குளுக்கோஸ் சிரப்போ இருந்தால் அது மோசடி. பில்லையும் உறையையும் பத்திரப்படுத்திக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள்.