மீதி 4,500 ரூபாயைக் கொடுக்கலாமா?

கேள்வி: தங்கச்சிமடத்தில் நாட்டுப்படகு வைத்துத் தொழில் செய்கிறேன். மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். வானியல் என்றால் அவளுக்கு உயிர். பொருட்காட்சியில் கடை போட்டிருந்த ஒருவர், பூமிக்கு மிக அருகில் இருக்கும் ‘எப்சிலான் எரிடானி’ என்ற ஆரஞ்சு நட்சத்திரத்தை 6,500 ரூபாய்க்கு அவள் பெயரில் பதிவு செய்து தருவதாகச் சொன்னார். ஹோலோகிராம் ஒட்டிய சான்றிதழும் உண்டாம். அதைச் சுற்றும் கிரகங்களைப் பார்க்க 18,000 ரூபாய்க்கு ஒரு டெலஸ்கோப்பும் வாங்கச் சொல்கிறார். 2,000 ரூபாய் முன்பணம் ஜிபே செய்துவிட்டேன். மீதியைக் கொடுக்கலாமா? எங்கள் கடற்கரையிலிருந்து அந்தக் கிரகங்கள் தெரியுமா?

பதில்: கொடுக்காதீர்கள். டெலஸ்கோப்பையும் வாங்காதீர்கள். அந்த நட்சத்திரம் உங்கள் வீட்டு மாடியிலிருந்து வெறுங்கண்ணுக்கே தெரியும். அதன் கிரகம் எந்தக் கடையில் எந்த விலைக்கு டெலஸ்கோப் வாங்கினாலும் தெரியாது.

முதலில் பெயர் விஷயம். வானத்தில் இருப்பவற்றுக்கு உலகம் ஏற்கும் பெயரை வைப்பது சர்வதேச வானியல் ஒன்றியம் மட்டும்தான். அவர்கள் பெயரை விற்பதில்லை. முகவரும் கிடையாது, கிளையும் கிடையாது. உங்களிடம் வந்தவர் தருவது, அவர் கம்ப்யூட்டரில் அவரே அடித்து அவரே கையெழுத்துப் போட்ட காகிதம். நாளைக்கு இதே நட்சத்திரத்தைத் தொண்டியில் இன்னொருவர் மகளுக்கும் விற்பார். பத்திரப்பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்க்க இது நிலம் இல்லையே!

இதில் வேடிக்கை, அவர் விற்க வந்த நட்சத்திரத்துக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது. 2015-ல் அந்த ஒன்றியம் பொதுமக்களிடம் பெயர் கேட்டு வாக்கெடுப்பு நடத்தியது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்துப் பள்ளி ஒன்றின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனுப்பிய பெயர்கள் தேறின. நட்சத்திரம் ‘ரான்’, அதன் கோள் ‘ஏகிர்’. வட ஐரோப்பியப் பழங்கதைகளில் ரான் கடல் தேவி. கையில் வலை வைத்திருப்பாள், கடலில் மாய்ந்தவர்களை அதில் வாரிக்கொள்வாள். ஏகிர் அவள் புருஷன். உங்கள் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமாக யாரும் வைத்திருக்க முடியாது. அந்தப் பிள்ளைகள் ஒரு பைசா கட்டவில்லை.

இதைச் சொன்னால் இந்த ஆட்கள் உடனே ஒரு கேள்வி போடுவார்கள்: “செஸ் ஆனந்த் பெயர் வானத்தில் இருக்கிறதே, அது எப்படி?” உண்மைதான். ஆனால் அது நட்சத்திரம் அல்ல. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் பாறைத் துண்டு ஒன்று, சிறுகோள் என்போம். 4538 என்ற எண் கொண்டதற்கு விஷியானந்த் என்று பெயர். எப்படி வந்தது? சிறுகோளைக் கண்டுபிடித்தவர்கள் அதைப் பல காலம் பின்தொடர்ந்து பார்க்க வேண்டும். பாதை சந்தேகமில்லாமல் கணக்கிடப்பட்ட பிறகுதான் அதற்கு நிரந்தர எண் கிடைக்கும். எண் வந்தபின் கண்டுபிடித்தவருக்குப் பெயர் சொல்லும் உரிமை பத்து ஆண்டுகளுக்கு உண்டு. ஆங்கில எழுத்தில் பதினாறு எழுத்துக்கு மிகக்கூடாது. ஏன் இந்தப் பெயர் என்று சில வரி எழுதித் தர வேண்டும். அரசியல்வாதி, படைத்தலைவர் பெயர் என்றால் அவர் இறந்து நூறு ஆண்டு ஆகியிருக்க வேண்டும். செல்ல நாய் பெயரைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். எல்லாம் முடிந்து ஒன்றியத்தின் குழு ஒப்புக்கொண்டால்தான் பெயர். அறிவியல் போட்டியில் உலக அளவில் பரிசு வாங்கிய நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் சிலரின் பெயரும் இப்படிச் சிறுகோள்களில் இருக்கிறது. அதற்கும் யாரும் பணம் கட்டவில்லை. கண்டுபிடித்தவர் மனமுவந்து வைத்தார்கள். உங்கள் மகள் பெயர் வானத்தில் ஏற வேண்டுமென்றால் வழி இது ஒன்றுதான். பொருட்காட்சி வழியாக அல்ல.

அடுத்து, ‘மிக அருகில் இருக்கும் ஆரஞ்சு நட்சத்திரம்’ என்று விற்றிருக்கிறார். அதுவும் பாதிதான் சரி. 4.4 ஒளியாண்டில் (ஒளி ஓராண்டில் போகும் தூரம் ஓர் ஒளியாண்டு) ஆல்ஃபா சென்டாரி என்ற கூட்டில் ஓர் ஆரஞ்சுக் குள்ளன் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் இருக்கும் பெரியவனோடு சேர்ந்து கண்ணுக்கு ஒரே புள்ளியாகத்தான் தெரியும். தனியாக நின்று நம் கண்ணுக்குத் தெரியும் ஆரஞ்சுக் குள்ளன்களில் எப்சிலான் எரிடானிதான் கிட்டே: 10.5 ஒளியாண்டு. கிட்டே என்பதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு கோடியை இன்னொரு கோடியால் பெருக்கினால் எவ்வளவு வருமோ, ஏறத்தாழ அத்தனை கிலோமீட்டர்.

குள்ளன் என்றதும் பொம்மை அளவு என்று நினைக்க வேண்டாம். வானியலில் நம் சூரியனே குள்ளன் வகைதான். இது அதைவிடக் கொஞ்சம் சிறியது; குறுக்களவு சூரியனில் முக்கால் பங்கு, வெளிச்சம் மூன்றில் ஒரு பங்கு. சூடு கொஞ்சம் குறைவு, அதனால்தான் ஆரஞ்சுச் சாயல். வயதும் குறைவு. சூரியனுக்கு 460 கோடி ஆண்டு என்றால் இதற்கு 40 முதல் 80 கோடி ஆண்டுதான். விடலைப் பையன் மாதிரி ஓயாமல் கொதித்துக்கொண்டு, பதினோரு நாளைக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, உடம்பெல்லாம் கரும்புள்ளிகளோடு இருக்கிறது. இந்தக் கொதிப்பு பின்னால் ஒரு தொல்லையாக வரும்.

கிரகங்கள் என்று பன்மையில் சொன்னாரல்லவா? உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான். வியாழன் வகைப்பட்ட பெரிய கோள்; சூரியனிலிருந்து பூமி இருக்கும் தூரத்தைப் போல மூன்றரை மடங்கு தள்ளி, ஒரு சுற்றுக்கு ஏழரை ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொண்டு சுற்றுகிறது. இரண்டாவது கோள் ஒன்று இருக்கலாம் என்று 2002-ல் சொன்னார்கள். இன்றுவரை அது சந்தேகக் கேஸ்தான். அவற்றுக்கெல்லாம் வெளியே, உறைந்த தூசும் கல்லும் கலந்த பெரிய வளையம் ஒன்று 1998-ல் தெரியவந்தது. கரை, கடல், மீன் எல்லாம் உள்ள இன்னொரு பூமி அங்கே கண்டுபிடிக்கப்படவில்லை. அப்படிப் படம் போட்ட நோட்டீசைக் காட்டியிருப்பார், கிழித்துப் போடுங்கள்.

அந்தக் கோள் ஏன் டெலஸ்கோப்பில் தெரியாது என்பதற்கு உங்களுக்குத் தெரிந்த இடத்தையே எடுத்துக்கொள்வோம். பாம்பன் ரயில் பாலம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். மண்டபம் முனையில் ஒரு ரயில் இன்ஜின் ஹெட்லைட்டை எரியவிட்டு நிற்கிறது. அந்த விளக்கின் நடுவிலிருந்து ஒரே ஒரு சென்டிமீட்டர் தள்ளி ஒரு தூசி. நீங்கள் பாம்பன் முனையில் நின்று அந்தத் தூசியைப் பார்க்க வேண்டும். எப்சிலான் எரிடானிக்கும் அதன் கோளுக்கும் இடையே நமக்குத் தெரியும் இடைவெளி, கணக்குப்படி, இதே அளவுதான். 2024-ல் எப்சிலான் இண்டி என்ற வேறோர் ஆரஞ்சுக் குள்ளனின் கோளை ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி நேரடியாகப் படம் பிடித்தது. அது வியாழனைப் போல ஆறு மடங்கு எடையுள்ள கோள், தன் நட்சத்திரத்தை விட்டு நன்றாக விலகி நிற்பது. வெப்பின் கண்ணாடி 6.5 மீட்டர் அகலம். உங்களிடம் விற்க வந்ததன் கண்ணாடி ஏழு சென்டிமீட்டர் இருந்தால் அதிகம்.

பார்க்காமலே எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று மகள் கேட்பாள். தட்டாமாலை சுற்றும்போது பாருங்கள்: பெரிய அக்காள் சின்னத் தம்பியின் கையைப் பிடித்துச் சுற்றினால், தம்பி பெரிய வட்டம் போடுவான், அக்காளும் நின்ற இடத்தில் நிற்க முடியாது, சின்னதாக ஒரு வட்டம் போடுவாள். இருட்டில் தம்பி தெரியாவிட்டாலும் அக்காளின் ஆட்டத்தை வைத்து அவன் கையில் இருக்கிறான் என்று சொல்லிவிடலாம். இந்த நட்சத்திரம் அப்படி நம்மை நோக்கி வருவதும் விலகுவதும் நொடிக்குப் பதினோரு மீட்டர் அளவுக்கு. அதாவது மணிக்கு நாற்பது கிலோமீட்டர், நம் டவுன் பஸ் வேகம். பத்து ஒளியாண்டுக்கு அப்பால் ஓடும் டவுன் பஸ்ஸின் வேகத்தை ஒளியைப் பிரித்துப் பார்த்து அளக்கிறார்கள். நட்சத்திரமே கொதித்துக்கொண்டிருப்பதால், ஆட்டம் கோளால் வந்ததா கொதிப்பால் வந்ததா என்று சண்டை. 1988-ல் கனடாக்காரர்கள் சந்தேகப்பட்டார்கள், 2000-ல் வானியலாளர் ஆர்ட்டி ஹாட்ஸெஸும் கூட்டாளிகளும் அறிவித்தார்கள், அதற்குப் பிறகும் இருபது ஆண்டு வாதம் ஓடியது. விஞ்ஞானிகள் இத்தனை தயங்கிய இடத்தில் பொருட்காட்சிக்காரர் ஒரு நிமிடத்தில் விற்றுவிடுகிறார்.

டெலஸ்கோப் பொறி பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன். பெட்டியில் ‘525 மடங்கு’ என்று போட்டிருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். முன்கண்ணாடியின் அகலத்தை மில்லிமீட்டரில் பார்த்து இரண்டால் பெருக்குங்கள். அதற்கு மேல் எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் கலங்கல்தான். எழுபது மில்லிமீட்டருக்கு 140. கூடவே தரும் ஸ்டாண்டு, வாடைக்காற்றில் மூங்கில் கழி மாதிரி ஆடும். இன்னொரு தந்திரம்: வாங்குகிறவர் முன்னால் குழலை ரோகிணி மேலோ திருவாதிரை மேலோ திருப்பி, “இதோ உங்கள் ஆரஞ்சு நட்சத்திரம்” என்பார்கள். அவை இரண்டும் ராட்சதர்கள், குள்ளன்கள் அல்ல. பளிச்சென்று இருப்பதால் நம்புவதற்கு எளிது.

கொஞ்சம் செலவு செய்யத்தான் வேண்டும் என்றால் 10×50 பைனாகுலர் ஒன்று வாங்குங்கள். உப்புக்காற்றில் லென்ஸில் பூஞ்சை ஏறும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். இந்த மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் வானம் காட்டப் போயிருந்தேன். அரசு கொடுத்த நல்ல டெலஸ்கோப் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தது. “பிள்ளைகள் உடைத்துவிட்டால் யார் பதில் சொல்வது?” என்றார்கள். திறந்து பார்த்தால் லென்ஸ் முழுக்க பூஞ்சை. ஸ்டாக் ரெஜிஸ்டரில் மட்டும் ‘நல்ல நிலை’. இப்படிப் பூட்டி வைத்தால் பிள்ளைகள் நட்சத்திரத்தைத் தேடிப் பொருட்காட்சிக்குத்தான் போவார்கள். நல்ல இருட்டு வேண்டுமென்று அரிச்சல்முனை போகலாம் என்றால், இருட்டுவதற்குள் எல்லாரையும் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஊருக்குள்ளோ தெருவுக்குத் தெரு ஹைமாஸ்ட் விளக்கு.

சரி, பார்க்கும் வழி. விசைப்படகுத் தடைக்காலத்தில், ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை, இதுவும் சூரியனை ஒட்டி ஒளிந்துவிடும், தேடாதீர்கள். ஐப்பசி கார்த்திகையில் மேகம் விடாது. உத்தரகோசமங்கையில் மரகத நடராசருக்குச் சந்தனம் களையும் மார்கழித் திருவாதிரையன்று நிலா முழுதாக இருக்கும், அன்றும் வேண்டாம். அது கழிந்து ஐந்தாறு நாள் விட்டால், நிலா இரவு பத்து மணிக்கு மேல்தான் கிளம்பும். எட்டு, எட்டரைக்கு மாடிக்கு வாருங்கள். கிழக்கே மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்கும். அதன் இடது பக்கம் சிவந்து தெரிவது திருவாதிரை, வலது பக்கம் நீலவெள்ளையாகத் தெரிவது ரைஜல். ரைஜலிலிருந்து கையை முழுதாக நீட்டி ஒரு சாணும் கொஞ்சமும் மேற்கே, அதாவது உச்சிப் பக்கம் போங்கள். இரண்டு விரல் இடைவெளியில் ஏறத்தாழ ஒரே வெளிச்சத்தில் இரண்டு புள்ளிகள் இருக்கும். கிழக்கே இருப்பது டெல்டா எரிடானி. அதற்கு ‘ரானா’ என்று பெயர், குழப்பிக்கொள்ள வேண்டாம். மேற்கே, ஒரு பொட்டு மங்கலாக இருப்பதுதான் உங்கள் ரான். நேர் உச்சிக்குக் கொஞ்சம் தெற்கே நிற்கும்.

அன்றைக்குக் கண்ணில் விழும் ஒளி, உங்கள் மகள் ஒன்றாம் வகுப்பு போய்க்கொண்டிருந்த காலத்தில் அங்கிருந்து கிளம்பியது. இன்னொன்றும் சொல்லுங்கள்: 1960-ல் ஃபிராங்க் டிரேக், வேற்றுலகிலிருந்து ரேடியோ சத்தம் வருகிறதா என்று முதன்முதலாகக் காதுகொடுத்த இரண்டு நட்சத்திரங்களில் இதுவும் ஒன்று. எதுவும் கேட்கவில்லை.

கொடுத்த 2,000 ரூபாய்க்கு: ஜிபே ரசீது, அவர் நோட்டீசு, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பணம் வேண்டுமென்று எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, ஆனால் இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ‘சின்னத் தொகைதானே, விடுங்கள்’ என்று எந்த மேசையிலாவது சொல்வார்கள். மனு கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் அந்த மேசையை விட்டு எழுந்திருக்காதீர்கள்.