குழந்தைக்குப் பின்னிய காளை முக பூட்டீஸ் காலில் நிற்காமல் கழன்று விழுகிறது, என்ன செய்வது?

கழன்று விழக் காரணம் உங்கள் பின்னல் இல்லை, அந்தக் கொம்பு. அண்ணன் மகனுக்குக் காளை முகம் வைத்து உல்லன் பூட்டீஸ் பின்னினேன், மூணு மாசப் பிள்ளை, ரெண்டு உதை விட்டால் கழன்றுவிடுகிறது, மதுரை வெயிலுக்குக் கால் வேர்த்தும் போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வீடியோ பார்த்து முகத்தை விரல் நுனிப் பக்கம் தைத்திருப்பீர்கள். கொம்பு விறைப்பாக நிற்க உள்ளே பஞ்சும் அடைத்திருப்பீர்கள். கைக்குழந்தை ஒரு காலால் மறு காலை உரசிக்கொண்டேதான் கிடக்கும். குதிகால் கொம்பில் மாட்டும், தள்ளும், கழன்றுவிடும். முகத்தைப் புறங்காலின் நடுவுக்கு ஏற்றுங்கள். கொம்பு இரண்டும் கணுக்கால் பக்கம் சாய்ந்திருக்கட்டும். அலங்காநல்லூர்க் காளைக்குக் கொம்பு அப்படியா இருக்கும் என்று யாராவது கேட்பார்கள், கேட்கட்டும்.

அடுத்தது கணுக்கால் பிடிப்பு. இந்த வயதில் குதிகால் எடுப்பாக இருக்காது, பூட்டீஸ் மாட்டி நிற்க மேடு கிடையாது. அதனால் மேல்பட்டி 5 செ.மீ. உயரமாவது வேண்டும், அதன் அடியில் கயிறு கோக்க ஓட்டை வரிசையும் வேண்டும். மாசக் கணக்கை நம்பாதீர்கள். பாதத்தைக் காகிதத்தில் வரைந்து அளவெடுங்கள். கீழே உள்ள கணக்கு சுமார் 9.5 செ.மீ. பாதத்துக்கு, 4 பிளை (நாலு இழை முறுக்கிய மெல்லிய) நூலுக்கு. ஜோடிக்கு 25 கிராம் போதும்.

ஊசி நம்பர் 10, அதாவது 3.25 மி.மீ. நம் கடைகளில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்கப் பேட்டர்னில் 10 என்றால் 6 மி.மீ.; அதைப் பார்த்து இந்த 10-ஐ வாங்கினாலோ, இதைப் பார்த்து அந்த 10-ஐ வாங்கினாலோ அளவு மொத்தமும் போச்சு. மி.மீ. கேட்டு வாங்குங்கள்.

ஊசியில் 36 கண்ணி (நூல் வளையம்) ஏற்றுங்கள். ஏற்றும்போது மட்டும் ஒரு சைஸ் பெரிய ஊசி. இறுக்கி ஏற்றினால் குதிகால் நுழையாது. ஒரு நிட் (நேர்க் கண்ணி) ஒரு பர்ல் (மறுபுறக் கண்ணி) என 5 செ.மீ. ரிப், அதாவது இழுபடும் வரிப் பின்னல். பிறகு ஓட்டை வரிசை: ஒரு நிட், நூலை ஊசி மேல் ஒரு சுற்று, இரண்டைச் சேர்த்து ஒன்று, இப்படியே கடைசி வரை. 12 ஓட்டை வரும், கண்ணி 36 மாறாது. அதற்கு மேல் ஒரு வரிசை பர்ல். அடுத்து 24 கண்ணி நிட் போட்டுத் திருப்புங்கள், 12 போட்டுத் திருப்புங்கள். நடுவில் உள்ள இந்த 12-ல் மட்டும் 20 வரிசை நிட். இதுதான் புறங்கால். நூலை வெட்டி, முதலில் ஊசியிலேயே விட்ட 12 முடியும் இடத்தில் புதிதாகச் சேர்த்து, புறங்காலின் ஓரத்தில் 10 கண்ணி எடுங்கள், நடு 12-ஐப் போடுங்கள், மறு ஓரத்தில் 10, கடைசி 12. மொத்தம் 56. ஓரத்தில் எடுக்கும் முதல் கண்ணியை முறுக்கி எடுக்காவிட்டால் அந்த மூலையில் ஓட்டை விழும், பிள்ளையின் சுண்டுவிரல் அதில்தான் போய் நுழையும்.

12 வரிசை நிட் போட்டு அடிப்பாகத்துக்கு வாருங்கள்: இரண்டைச் சேர்த்து ஒன்று, 24 நிட், இரண்டைச் சேர்த்து ஒன்று; இதையே இன்னொரு தடவை. 52 ஆகும். ஒரு வரிசை சும்மா. அடுத்த குறைப்பில் நடுவில் 22, அதற்கடுத்து 20. 44-ல் முடித்து அடியையும் பின்பக்கத்தையும் தையுங்கள். பாதம் இன்னும் நீளம் என்றால் புறங்காலை 24 வரிசையாக்கி, இருபுறமும் 12, 12 எடுங்கள். 60 கண்ணி, குறைப்பு 26-ல் தொடங்கும்.

கொம்புக்கு நம்பர் 12 ஊசியில் மூணு கண்ணிக் கயிறு, 2.5 செ.மீ. பஞ்சு வேண்டாம், தானாக நிற்கும். கண்ணுக்கு மணியோ பொத்தானோ கூடவே கூடாது, கறுப்பு நூலில் தையுங்கள்.

அதைவிட முக்கியம் உள்பக்கம். முகம் தைத்ததும் பூட்டீஸை உள்வெளியாகத் திருப்பிப் பாருங்கள். கண்ணிலிருந்து மூக்குக்கு இழுத்த நூல் உள்ளே கம்பிபோல் ஓடும். ஒரு இழை விரலைச் சுற்றிக்கொண்டால் ரத்தம் கட்டி விரல் வீங்கும். பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது, அழத்தான் தெரியும். ஒவ்வொரு உறுப்பையும் தனியாக முடிச்சிட்டு, மிச்ச நூல் நுனியைப் பின்னலுக்குள் ஓட்டிவிடுங்கள். காரணம் தெரியாமல் அழுதால் முதலில் பூட்டீஸைக் கழற்றி விரலைப் பாருங்கள். கயிறும் அப்படித்தான்: உருவி வராதபடி பின்பக்க நடுவில் ஒரு தையல், கட்டிய பிறகு உங்கள் சுண்டுவிரல் உள்ளே நுழைய வேண்டும்.

வேர்க்கிறது என்றால் உங்கள் உல்லன் பெரும்பாலும் அக்ரிலிக். தப்பான நூல் என்று சொல்லவில்லை, கொடைக்கானலுக்கு நல்லது. துண்டு நூலைக் கொளுத்திப் பாருங்கள்: அக்ரிலிக் உருகிக் கெட்டிக் கறுப்பு உருண்டையாகும், கம்பளி என்றால் முடி கருகிய வாடை அடிக்கும், பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். மதுரைக்குப் பருத்திதான். அது இழுத்தால் பழையபடி சுருங்காது, தொய்யும். அதனால் ரிப்பை மட்டும் நம்பர் 11-ல் போடுங்கள். நூல் வாங்க மீனாட்சி கோயில் எதிரே உள்ள புதுமண்டபத்துக்குப் போகாதீர்கள், அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன.

விற்கும் எண்ணம் இருந்தால் ஒன்று. காளைக்கு அரை நாள் வேலை. நாளைக் காலை காதுகுத்து என்று இன்று மாலை போன் செய்துவிட்டு, நூல் என்ன பெரிய விலையா என்று பேரம் பேசுபவர்கள், அதே விழாவில் போட்டோவுக்குப் பல ஆயிரம் கொடுப்பார்கள். அவர்களுக்கு வெறும் பூட்டீஸ் கொடுங்கள், கொம்பு வேண்டாம்.

நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கு டைல்ஸில் வழுக்கும். அடியில் மெல்லிய தோல் துண்டு தைக்காமல் கொடுக்காதீர்கள். துவைக்கும்போது கடைசி அலசல் நல்ல தண்ணியில்; போர் தண்ணி உப்பில் பருத்தி விறைத்துவிடும்.