வேதியியல் கல்வியில் முனைவர் பட்டம்: வேலையை விடலாமா?

கேள்வி: எனக்கு 36 வயது. மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பிக்கிறேன். பதினொரு ஆண்டு அனுபவம். வேதிச் சமநிலைப் பாடம் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும், ‘சமநிலை வந்ததும் வினை நின்றுவிடும்’ என்றே பல மாணவர்கள் எழுதுகிறார்கள். இரு திசையிலும் வினை ஒரே வேகத்தில் நடந்துகொண்டே இருக்கிறது என்று எத்தனை முறை சொன்னாலும் மனதில் ஏறுவதில்லை. ஏன் என்பதை ஆராய்ந்து, வேதியியல் கல்வியில் முனைவர் பட்டம் பெற வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. என் மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொண்டால், கணவரின் சம்பளம் 80. வீட்டுக்கடன் தவணை உட்பட மாதச் செலவு 120. சேமிப்பு 1,500. ஏழு வயதில் ஒரு மகள். மூன்று வழிகள் தெரிகின்றன. வேதியியல் துறையில் முழுநேரம் சேர்ந்தால் கட்டணம் இல்லை, மாதம் 45 உதவித்தொகை. கல்வியியல் துறையில் சொந்தச் செலவில் முழுநேரம் படித்தால் ஆண்டுக் கட்டணம் 480. வேலையில் இருந்தபடியே பகுதிநேரம் என்றால் ஆண்டுக்கு 150. எதில் சேரலாம்? போட்ட பணம் திரும்புமா?

பதில்: தொகையை மறைத்து விகிதமாக எழுதியிருக்கிறீர்கள். வேதியியல் ஆசிரியை என்பது அதிலேயே தெரிகிறது. நானும் அதே அலகில் பதில் சொல்கிறேன்.

இரண்டாவது வழியை முதலில் அடித்துவிடுவோம். உங்கள் சம்பளம் நின்றால் வீட்டுக்கு வருவது 80. செலவு 120. பயணம், நூல், கருத்தரங்கு, நேர்காணல்களை எழுத்தாக்கும் கூலி என்று படிப்புக்கு மாதம் 10 சேர்த்துக்கொள்ளுங்கள் (இது என் மதிப்பீடு). மாதம் 50 துண்டு விழும், ஆண்டுக்கு 600. கட்டணம் 480. ஆக ஆண்டுக்கு 1,080. உங்கள் 1,500 பதினேழாவது மாதம் தீர்ந்துவிடும். அப்போது நீங்கள் ஆய்வுக் கேள்வியைத்தான் செதுக்கிக்கொண்டிருப்பீர்கள். மீதிக் காலத்துக்குக் கடன் வாங்கிப் படிக்கும் அளவுக்கு இந்தப் பட்டம் சம்பளத்தை உயர்த்தாது. வேண்டாம்.

முதல் வழியைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது பார்வைக்கு மிக அழகாக இருக்கிறது. 80-உம் 45-உம் சேர்ந்து 125, செலவு 130, மாதம் ஐந்துதானே குறைகிறது என்று தோன்றும். ஆனால் உதவித்தொகை பன்னிரண்டு மாதமும் வருமா? கற்பித்தல் உதவியாளர் பணிக்காகத் தரப்படும் தொகை பல இடங்களில் வகுப்பு நடக்கும் ஒன்பது மாதங்களுக்கு மட்டுமே. கோடை மூன்று மாதம் நெறியாளரிடம் ஆய்வு நிதி இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அந்த மூன்று மாதமும் 50 வீதம் துண்டு விழுந்தால் 150. மற்ற ஒன்பது மாதத்தில் 45. ஆண்டுக்கு 195. ஐந்து ஆண்டில் 975 போய், கையில் 525 மிஞ்சும். நான்கு மாதச் செலவுக்கான பணம். தாக்குப்பிடிக்கலாம்.

சிக்கல் ஆறாம் ஆண்டில். உதவித்தொகைக்கு உத்தரவாதம் பெரும்பாலும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குத்தான். ஆய்வேடு முடியாமல் அது நின்றுவிட்டால் அந்த ஓர் ஆண்டுக்கு 600 தேவை. உங்களிடம் இருப்பதோ 525. எந்தப் பொருள் முதலில் தீர்கிறதோ அதுதான் விளைபொருளின் அளவைத் தீர்மானிக்கும் என்று நீங்கள்தான் வகுப்பில் சொல்லிக்கொடுப்பவர். உங்கள் வீட்டில் முதலில் தீரப்போவது உதவித்தொகை வரும் காலம்.

வேதியியல் கல்வி ஆய்வுக்கு இதில் தனிச் சங்கடம் ஒன்று உண்டு. சோதனைச் சாலையில் ஒரு வினை கெட்டுப்போனால் மறுநாள் மீண்டும் செய்யலாம். சமநிலைப் பாடமோ ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும். மாணவர்களை நேர்காணல் செய்ய நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றால் பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும். அனுமதி ஒரு மாதம் தள்ளிப்போனால் பாடம் முடிந்திருக்கும். அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதுதான். ஓர் ஆண்டின் விலை என்ன? நீங்கள் இழக்கும் சம்பளம் 1,200, வரும் உதவித்தொகை 405, வித்தியாசம் 795. படிப்புச் செலவு 120. மொத்தம் 915. ஒரு படிவத்தை ஒரு மாதம் தாமதமாகக் கொடுத்ததற்கு ஒன்பது மாதச் சம்பளம்! இத்துறையில் ஆய்வு செய்பவர் வாங்க வேண்டிய அமிலமோ கருவியோ ஒன்றும் இல்லை, ஆகவே செலவு குறைவு என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

கட்டண விஷயத்தில் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே தலைப்பை இரண்டு வாசல் வழியாகப் போய் ஆராயலாம். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் வேதியியல் கல்வி என்பது வேதியியல் துறைக்குள்ளேயே ஒரு பிரிவு. அங்கே சேர்பவர் வேதியியலின் உயர்நிலைப் பாடங்களையும் படித்துத் தேற வேண்டும். இளநிலை மாணவர்களின் சோதனைச் சாலை வகுப்புகளை நடத்த ஆள் தேவைப்படுவதால், வேதியியல் துறைகளில் கட்டண விலக்கும் உதவித்தொகையும் கிடைப்பது எளிது. கல்வியியல் துறைகளில் அந்தத் தேவை குறைவு, நிதியும் குறைவு. பணியில் இருக்கும் ஆசிரியர்கள் சொந்தப் பணத்தில் படிப்பது அங்கே சாதாரணம். இவை இரண்டுமல்லாமல், மும்பையில் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் போல அறிவியல் கல்விக்கென்றே இயங்கும் ஆய்வு நிறுவனங்களும் இருக்கின்றன. நுழைவு கடினம், இடங்கள் சில. முயன்று பார்ப்பதில் நட்டம் விண்ணப்பக் கட்டணம் மட்டும்தான்.

வாசல் இன்னொன்றையும் தீர்மானிக்கிறது: சான்றிதழில் என்ன பெயர் இருக்கும் என்பது. ‘வேதியியல்’ என்று இருக்கிறதா, ‘கல்வியியல்’ என்று இருக்கிறதா? கல்லூரி வேதியியல் துறையில் ஆசிரியர் பணிக்கு முதல் பெயரை ஏற்று இரண்டாவதை நிராகரிக்கும் விதிகள் உண்டு. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் நேர்மாறாகவும் நடக்கும். சேர்ந்த பிறகு தெரிந்துகொள்ளக் கூடாத செய்தி இது. கடந்த ஓராண்டில் வந்த, உங்களுக்குப் பிடித்த பணிகளின் விளம்பரங்கள் இருபதைத் திரட்டித் தகுதி வரியை மட்டும் படியுங்கள். நான் சொல்லும் எந்தக் கணக்கைவிடவும் அது பயன்படும்.

இங்கேதான் உங்கள் கடிதத்தின் ஓட்டை தெரிகிறது. எதில் சேரலாம் என்று கேட்கிறீர்கள். முடித்துவிட்டு என்ன வேலை பார்க்கப் போகிறீர்கள் என்பதை எழுதவே இல்லை. அது தெரியாமல் ‘பணம் திரும்புமா’ என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. ஊதிய உயர்வையும் விலைவாசியையும் கணக்கில் சேர்க்காமல் சொல்கிறேன். முழுநேரம் ஐந்து ஆண்டு என்றால், இழந்த சம்பளமும் படிப்புச் செலவும் சேர்ந்து 4,575. அதே பள்ளிக்குத் திரும்பி, பட்டத்துக்காக மாதம் 10 கூடுதலாகக் கிடைத்தால் அதை மீட்க 38 ஆண்டு ஆகும்; அப்போது உங்களுக்கு 79 வயது. கல்லூரிப் பணியில் மாதம் 140 கிடைத்தால் ஒன்பதரை ஆண்டு, அதாவது ஐம்பதைத் தொடும்போது கணக்கு சமனாகும். பகுதிநேரம் எட்டு ஆண்டு என்று வைத்தால் மொத்தச் செலவு 2,160. முந்தைய பள்ளியிலேயே தொடர்ந்தால் மீட்க 18 ஆண்டு, கல்லூரி என்றால் நான்கரை ஆண்டு.

ஆகவே பள்ளியிலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து இதை முதலீடு என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். செலவு என்று சொல்லுங்கள், நான் மறுக்கமாட்டேன். பிடித்த காரியத்துக்குச் செலவழிக்கத்தானே சம்பாதிக்கிறோம்! செலவென்று ஆனபின் அதற்கு ஒரு உச்சவரம்பு போடலாம். முதலீடு என்று நம்பினால் வரம்பே இருக்காது.

பகுதிநேரத்தின் பணக்கணக்கு மிக எளிது. உங்கள் வீட்டில் இப்போது ஆண்டுக்கு 720 மிஞ்சுகிறது. அதில் 270 போனாலும் 450 சேரும். விலை வேறு இடத்தில் இருக்கிறது: எட்டு ஆண்டுச் சனி, ஞாயிறுகள், மகளின் ஏழு வயதிலிருந்து பதினைந்து வரை. ஒரு எச்சரிக்கையும் உண்டு. சொந்த வகுப்பு மாணவர்களே கையருகில் இருக்கிறார்கள், தரவுக்கு அலைய வேண்டாம் என்று நினைப்பீர்கள். மதிப்பெண் போடும் ஆசிரியையே ‘விருப்பம் இருந்தால் ஆய்வில் பங்குகொள்’ என்று கேட்டால் எந்த மாணவர் மறுப்பார்? நெறிமுறைக் குழு இதைத்தான் முதலில் கேட்கும். சக ஆசிரியர் ஒருவரின் வகுப்பை இப்போதே பேசி வையுங்கள்.

‘இரண்டே ஆண்டில் முடித்துத் தருகிறோம், ஆய்வேடு எழுத உதவியும் உண்டு’ என்று யாராவது அழைத்தால் தொலைபேசியை வைத்துவிடுங்கள். பணம் கட்டினால் உடனே வெளியிடும் இதழ்களுக்கும் இதே பதில்தான். உங்கள் துறையின் மதிப்புமிக்க இதழ்களில் ஒன்றான, பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி வெளியிடும் ‘கெமிஸ்ட்ரி எஜுகேஷன் ரிசர்ச் அண்ட் பிராக்டிஸ்’, எழுதுபவரிடமும் காசு வாங்குவதில்லை, படிப்பவரிடமும் வாங்குவதில்லை.

எனக்கும் வேதியியலுக்கும் பள்ளியோடு உறவு முறிந்துவிட்டது. ஆனாலும் உங்கள் கடிதத்தைப் படித்தபோது கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஜான்ஸ்டன் 1982-இல் பிரித்துக் காட்டிய மூன்று நிலைகள் நினைவுக்கு வந்தன: கண்ணுக்குத் தெரிவது, மூலக்கூறு அளவில் நடப்பது, குறியீடாக எழுதுவது. மாணவர்கள் மூன்றுக்கும் இடையே தாவ முடியாமல் தடுமாறுகிறார்கள் என்பது அவர் வாதம். நிறம் மாறாத கரைசலைப் பார்த்து வினை நின்றுவிட்டது என்று எழுதும் மாணவனைப் போலத்தான், மாதக் கடைசியில் மாறாத வங்கி இருப்பைப் பார்த்து எல்லாம் சரி என்று நாமும் நினைக்கிறோம். முழுநேரத் திட்டத்தில் வீடு நிற்பது கணவரின் 80 மேல். அவர் வேலைக்கு ஏதாவது ஆனால் அந்தச் சமநிலை ஒரே மாதத்தில் குலையும். அவருடைய ஆயுள் காப்பீடும், நீங்கள் வேலையை விட்டால் போய்விடக்கூடிய குடும்ப மருத்துவக் காப்பீடும் சேருவதற்கு முன்பே உறுதியாக இருக்க வேண்டும். ஓய்வுக்கால நிதியைத் தொடாதீர்கள். சேமிப்பை எடுத்து வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்கும் எண்ணம் இருந்தால் அதையும் தள்ளிவையுங்கள்; இந்த ஐந்து, ஆறு ஆண்டுகளுக்கு வட்டி மிச்சத்தைவிடக் கையில் இருக்கும் ரொக்கம் பெரிது.

என் தீர்ப்பு இது. ராஜினாமா செய்யாதீர்கள், ஊதியமில்லா விடுப்பு கேளுங்கள். விடுப்புக் காலம் பணி மூப்பில் சேருமா, திரும்பி வந்து எத்தனை ஆண்டு வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம் இருக்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பள்ளி விடுப்புத் தந்து, பல்கலைக்கழகம் கோடை மாதங்களையும் சேர்த்து உதவித்தொகையை உறுதிசெய்து, நீங்கள் விரும்பும் கல்லூரிப் பணி அந்தச் சான்றிதழை ஏற்கும் என்றால் முதல் வழியில் தைரியமாகச் செல்லுங்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் பகுதிநேரம்தான்.

விண்ணப்பிக்கும் முன் இரண்டு வேலைகள். நெறியாளராகப் போகிறவரிடம், அவரிடம் கடைசியாக முடித்த ஐந்து பேருக்கு எத்தனை ஆண்டு ஆனது என்று கேளுங்கள். அவர் எப்போது ஓய்வு பெறுகிறார் என்பதையும். பிறகு வீட்டில் மூன்று மாதம் உங்கள் சம்பளத்தைத் தொடாமல் கணவரின் 80-இல் மட்டும் வாழ்ந்து, குறையும் 40-ஐ மாதாமாதம் சேமிப்பிலிருந்து எடுத்துப் பாருங்கள். மூன்றாவது மாதம் அந்தத் தொகையை எடுக்கும்போது உங்கள் இருவரில் யாருக்குத் தூக்கம் கெடுகிறது என்று எனக்கு எழுதுங்கள்.