ஸ்வேல்டேலில் மூன்று சக்கரப் பயணம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

யார்க்‌ஷர் டேல்ஸ் என்ற வட இங்கிலாந்துப் பள்ளத்தாக்குகளில், ட்ரைக் என்ற மூன்று சக்கர மோட்டார் வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்து ஒரு பகல் முழுவதும் சுற்றியதைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். நான் லீட்ஸில் வேலை பார்க்கிறேன். பல வருடங்களாகப் பைக் ஓட்டுகிறவன் என்பதால் சில கேள்விகள் எழுந்தன. மூன்று சக்கரம் என்று ஆன பிறகு பைக்கின் இன்பம் எங்கே இருக்கிறது? சாய்ந்து வளைவதுதானே பைக்? பாதுகாப்பும் சௌகரியமும் வேண்டுமென்றால் காரிலேயே போய்விடலாமே. ஹாஸ் என்ற சிற்றூரிலிருந்து கிளம்பி ஹாஸுக்கே திரும்பும் சுமார் 60 கிலோமீட்டர் பாதைக்கு ஒரு பகல் முழுவதையும் கொடுப்பதும் எனக்குப் புரியவில்லை. அதே நாளில் மேற்கே இருக்கும் ஏரி மாவட்டத்தையும் பார்த்துவிடலாம் அல்லவா?

இதைக் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. வரும் ஜூனில் என் அம்மா திருநெல்வேலியிலிருந்து வருகிறார். வயது 68, முழங்கால் வலி உண்டு. ட்ரைக் என்று சொன்னதும் அவருக்கு ஆட்டோதான் நினைவுக்கு வந்தது, ஆனாலும் ஆசைப்படுகிறார். அழைத்துப் போகலாமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சாய்ந்து வளைவதன் இன்பத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு சக்கர வண்டிக்கு நிலைப்பைக் கொடுப்பது அதன் வேகம் என்பது ஓட்டுகிறவரான உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நடைவேகத்திற்கு இறங்கியதும் பைக் தன் முழுக் கவனத்தையும் ஓட்டுகிறவரிடமிருந்து கேட்கத் தொடங்கிவிடுகிறது. ஹாஸிலிருந்து ஸ்வேல்டேல் பள்ளத்தாக்குக்குக் கடக்கும் பட்டர்டப்ஸ் கணவாயை எடுத்துக்கொள்ளுங்கள். கடல்மட்டத்திலிருந்து 526 மீட்டர் உயரம். குறுகிய, செங்குத்தான சாலை. வேலி இல்லாத மேட்டுநிலத்திலிருந்து ஆடுகள் எந்த நேரமும் குறுக்கே வரும். 2014 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் முதல் நாள் ஓட்டம் இந்த ஏற்றத்தின் வழியாகத்தான் சென்றது. அங்கே மெதுவாகப் பைக் ஓட்டுகிறவர் பார்ப்பது சாலையை மட்டுமே. ட்ரைக் யாரும் தாங்கிப் பிடிக்காமலே நிமிர்ந்து நிற்கும். ஏற்றத்தின் நடுவில் நிறுத்தினாலும் காலூன்ற வேண்டியதில்லை. ஓட்டுநர் ஒருவர் முன்னால் இருக்க, பின்னிருக்கையில் அமர்ந்திருப்பவரின் கண்களுக்கோ வேறு எந்த வேலையும் இல்லை.

மூன்று சக்கரத்தைக் குறைபாடாகக் காண்பவர்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஹார்லி-டேவிட்சன் நிறுவனம் 1932 முதல் 1973 வரை சர்வி-கார் என்ற மூன்று சக்கர வண்டியைச் செய்தது. அமெரிக்கக் காவல்துறையினரும் கார் பழுதுபார்ப்பவர்களும் அதை அன்றாட வேலைக்குப் பயன்படுத்தினார்கள். இன்று கனமான பைக்கைத் தாங்கிப் பிடிக்க உடல் ஒத்துழைக்காத பலர், சாலையையும் காற்றையும் விட்டுவிட மனமில்லாமல் ட்ரைக்குக்கு வருகிறார்கள். அவர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

காருக்கு வருகிறேன். டேல்ஸின் சிறு சாலைகளில் பெரும்பாலானவை இரண்டு கற்சுவர்களுக்கு நடுவே ஓடுகின்றன. காரில் உட்கார்ந்திருப்பவரின் கண் பல இடங்களில் அந்தச் சுவரின் மேல்வரிக்குக் கீழேயே இருப்பதால், அவர் காண்பது மணிக்கணக்கில் சுவரின் பக்கவாட்டை மட்டும்தான். ட்ரைக்கின் பின்னிருக்கை உயரமானது. சுவருக்கு அப்பால் இருக்கும் வயல் கண்ணில் படுகிறது. அறுத்த புல்லின் வாசனையும், ஆட்டுப்பட்டியின் வாசனையும், மேட்டுநிலத்தின் ஈரக் கரிமண் வாசனையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, பள்ளத்தாக்கிலிருந்து எவ்வளவு உயரத்திற்கு வந்துவிட்டோம் என்பதை மூக்கே சொல்லிவிடுகிறது.

ஒரு பகல் முழுவதும் எதற்கு என்ற கேள்விக்கு விடை அந்தச் சுவர்களிலேயே இருக்கிறது. டேல்ஸ் 1954 முதல் தேசியப் பூங்காவாக இருந்தாலும், அது மனிதர் கைபடாத காடு அல்ல. சுண்ணாம்போ சிமென்டோ இல்லாமல் கல்லின்மேல் கல்லை அடுக்கிக் கட்டிய சுவர்கள் பூங்காவுக்குள் மட்டும் 8000 கிலோமீட்டருக்கும் மேல் ஓடுகின்றன. ஒவ்வொரு சுவரும் உண்மையில் ஒன்றையொன்று நோக்கிச் சற்றுச் சாய்ந்த இரண்டு சுவர்கள். நடுவில் சிறுகற்களை இட்டு நிரப்பி, இடையிடையே இரண்டு முகங்களையும் கோத்துப் பிடிக்கும் நீண்ட கற்களைக் குறுக்கே வைத்து, உச்சியில் கனமான கற்களால் அழுத்திவிடுகிறார்கள். இவற்றில் பெரும்பகுதி பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், ஊர்ப் பொதுநிலங்களை நாடாளுமன்றச் சட்டங்கள் தனியாருக்குப் பிரித்துக் கொடுத்தபோது எழுந்தவை. நடக்கவே கடினமான சரிவுகளில் நூல் பிடித்தாற்போல் நேராக ஏறிப் போகும் சுவரைப் பார்க்கும்போது, அதன் அழகோடு சேர்த்து, அந்தப் பொதுநிலத்தில் மேய்ச்சல் உரிமையை இழந்தவர்களையும் நாம் நினைக்க வேண்டும்.

கணவாயைக் கடந்து த்வெயிட், மியூக்கர், கன்னர்சைடு என்று ஸ்வேல் ஆற்றை ஒட்டி இறங்கும்போது, ஏறக்குறைய வயலுக்கு ஒன்றாகக் கற்கொட்டகைகள் நிற்பதைக் காண்பீர்கள். கீழே தொழுவம், மேலே பரண். கோடையில் அறுத்துக் காயவைத்த புல்லைப் பரணில் ஏற்றிவைத்து, குளிர்காலம் முழுவதும் நான்கைந்து மாடுகளைக் கீழே கட்டிப்போட்டு, அந்தப் புல்லையே தீனியாகக் கொடுத்து, சேர்ந்த சாணத்தை வசந்தத்தில் அதே வயலுக்கு உரமாக இறைத்தார்கள். புல்லையும் உரத்தையும் தொலைவுக்குச் சுமக்காமல், விளைந்த இடத்திலேயே முடித்துக்கொள்ளும் ஏற்பாடு இது. வேறு உரம் அதிகம் இல்லாமலும், ஜூலை வரை அறுக்காமலும் விட்டதால்தான் மியூக்கரின் புல்வெளிகளில் மஞ்சளும் ஊதாவுமாக இத்தனை வகைப் பூக்கள் இன்றும் இருக்கின்றன. அங்கே வண்டியை நிறுத்திவிட்டு நடந்து செல்லுங்கள். கல் பாவிய ஒற்றையடிப் பாதையை விட்டு விலகாமல், ஒருவர் பின் ஒருவராக. மிதிபட்ட புல் அந்த விவசாயியின் குளிர்காலத் தீனி.

மியூக்கரில் தேவாலயம் 1580-ல்தான் கட்டப்பட்டது. அதற்குமுன் மேல் ஸ்வேல்டேலில் யார் இறந்தாலும், புதைப்பதற்காக உடலைச் சுமந்துகொண்டு பள்ளத்தாக்கின் வழியே கிரின்டன் ஊர்த் தேவாலயம் வரை நடந்தே போனார்கள். பள்ளத்தாக்கின் மேல்கோடியில் உள்ள கெல்ட் என்ற ஊரிலிருந்து அது ஏறக்குறைய 25 கிலோமீட்டர். இரண்டு நாள் நடை என்று சொல்கிறார்கள். இன்று அந்தப் பாதையின் போக்கைச் சாலையிலிருந்தே பெரும்பாலும் பின்தொடரலாம். சுமந்தவர்கள் நடந்த தூரத்தை நாற்பது நிமிடத்தில் ஓடிக் கடந்துவிடுவது எனக்கு உவப்பாக இல்லை. இடையில் இரண்டு இடங்களிலாவது இறங்கி, ஆற்றின் பக்கம் சிறிது நேரம் நிற்க வேண்டும் என்றே சொல்வேன்.

ஸ்வேல்டேலின் ரீத் என்ற ஊரிலிருந்து மீண்டும் மேட்டில் ஏறி, ஸ்காட்லாந்து அரசி மேரி 1568-ல் சிறைவைக்கப்பட்ட போல்டன் கோட்டையைக் கடந்து, எய்ஸ்கார்த் அருவிகள் வழியாக ஹாஸ் திரும்பும் பகுதி விரிவாகச் சொல்லத்தக்கதல்ல. நல்ல சாலை, நல்ல காட்சி. ஏரி மாவட்டத்தை இதே நாளில் சேர்ப்பதை நான் சிறிதும் விரும்பமாட்டேன். இரண்டையும் சேர்த்தால் நீங்கள் பார்ப்பது நெடுஞ்சாலையாகத்தான் இருக்கும்.

நீங்கள் கேட்காத ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். ட்ரைக் சத்தமான வண்டி. ஜெர்மனியில் செய்யப்பட்ட பல ட்ரைக்குகளில் வோக்ஸ்வாகன் பீட்டில் காரின் எஞ்சின் இருக்கைக்குப் பின்னாலேயே இருக்கும். வார இறுதியில் ஹாஸில் வந்து கூடும் பைக்குகளின் இரைச்சலோடு இன்னொன்றைச் சேர்ப்பது அந்த ஊர்க்காரர்களுக்கு நாம் செய்யும் நன்மை அல்ல. வாரநாளில் செல்லுங்கள், மேட்டின் உச்சியில் எஞ்சினை முழுவதும் அணைக்கச் சொல்லுங்கள். ஜூனில் அங்கே நீண்டு வளைந்த அலகுடைய கர்ல்யூ பறவையின் குரல் கேட்கும். அதே இனப் பறவைகள் வேறு திசையிலிருந்து குளிர்காலத்தில் நம் கோடியக்கரைக்கும் வருகின்றன என்பதை அம்மாவிடம் சொல்லலாம்.

அவரைத் தாராளமாக அழைத்துப் போகலாம், ஆனால் வண்டியைத் தேர்ந்து பதிவு செய்யுங்கள். ட்ரைக்கில் பொதுவாக இரண்டு வகை உண்டு. பைக்கையே மாற்றிப் பின்னால் இரண்டு சக்கரம் பூட்டிய வகையில், காலைத் தூக்கிப்போட்டு இருபுறமும் தொங்கவிட்டுத்தான் உட்கார முடியும். முழங்கால் வலி உள்ளவருக்கு அது வேண்டாம். மற்ற வகையில், இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் அமரும் அகலமான இருக்கை பின்னால் இருக்கும். நாற்காலியில் அமர்வதுபோல் அமரலாம். அதில் ஏறும் படியின் உயரத்தை முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களும் அவர் பக்கத்திலேயே அமருங்கள்.

ட்ரைக் சாயாது என்பதால் வளைவில் உடல் வெளிப்பக்கம் தள்ளப்படும். ஆட்டோவில் பழகிய அவருக்கு இது புதிதல்ல. வேகம் பாதியானால் அந்தத் தள்ளல் நான்கில் ஒரு பங்காகிவிடும். எனவே நிதானமாகப் போக வேண்டும் என்று ஓட்டுநரிடம் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். கணவாயில் பள்ளத்தாக்கைவிட இரண்டு டிகிரியாவது குளிர் கூடும், காற்றும் சேரும்; ஜூன் என்று நம்பாமல் கையுறையும் கனமான மேலுடையும் எடுத்துச் செல்லுங்கள். புடவை மட்டும் வேண்டாம். முந்தானை காற்றில் பறந்து பின்சக்கரத்தில் சிக்கக்கூடும். அது உயிருக்கே ஆபத்து. சல்வார் அணியச் சம்மதிப்பாரா என்பதை அவர் ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். துப்பட்டாவைப் பெட்டியிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள்.

அன்புடன்