மாற்றியமைத்த நிசான் சில்வியா எஸ்14 காரில் ஐடில் ஏறி இறங்குகிறது. சோதனையை எங்கிருந்து தொடங்குவது?

நீங்கள் தந்துள்ள விவரங்களின்படி, உங்கள் காரில் எஸ்ஆர்20டிஇடி டர்போ எஞ்சின், முன்பக்க இன்டர்கூலர், காற்றை வெளியே விடும் ப்ளோ-ஆஃப் வால்வு, வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும் 264 டிகிரி கேம் ஷாஃப்ட்கள் ஆகியவை உள்ளன. எஞ்சின் சூடான பிறகு ஐடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது உள்ள எஞ்சின் வேகம்) 900-க்கும் 1,800 ஆர்பிஎம்-க்கும் இடையே ஊசலாடுகிறது. சிக்னலை நெருங்கி நிறுத்தும்போது சில வேளை எஞ்சின் அணைந்தும் விடுகிறது. ஈசியூவை (எஞ்சினை இயக்கும் கணினியை) மறுபடியும் ட்யூன் செய்யக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த நிலையில் கொடுக்காதீர்கள். எங்கோ திருட்டுத்தனமாகக் காற்று நுழையும் எஞ்சினுக்கு மேப் (ஈசியூ பின்பற்றும் பெட்ரோல், இக்னிஷன் அளவுகளின் அட்டவணை) எழுதினால், அந்தக் கோளாறுக்கு ஏற்ற மேப்தான் கிடைக்கும். பிறகு ஓட்டையை அடைத்த அன்றே அந்த மேப் தவறாகிவிடும்.

முதலில் ஐடில் எப்படிக் குலைகிறது என்று கவனியுங்கள். பெரிய கேம்களால் வரும் அதிர்வு ஒரே தாளத்தில், வேகமாக, நிற்காமல் வரும்; ஆர்பிஎம் ஊசி பெரிதாக நகராது. ஒரு சிலிண்டர் மட்டும் எரியாமல் விட்டால், தாளம் தப்பிய உதறல் தெரியும். இக்னிஷன் காயில்களின் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால், எதைக் கழற்றும்போது எஞ்சினில் மாற்றமே இல்லையோ அதுதான் குற்றவாளி. உங்களுக்கு வருவது இந்த இரண்டும் அல்ல. ஊசி மெதுவாக மேலே போய், சட்டென விழுந்து, மறுபடி ஏறுகிறது. த்ராட்டில் (எஞ்சினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் தகடு) மூடியிருந்தும் ஆர்பிஎம் ஒரு வரம்பைத் தாண்டினால், வண்டி இறக்கத்தில் உருள்வதாக எடுத்துக்கொண்டு ஈசியூ பெட்ரோலை நிறுத்துகிறது. வேகம் விழுந்ததும் மீண்டும் கொடுக்கிறது. ஆகவே, மூடிய த்ராட்டிலைத் தாண்டியும் எஞ்சினுக்குத் தேவைக்கு மேல் காற்று கிடைக்கிறது என்பதே முதல் சந்தேகம்.

இந்த எஞ்சின், டர்போவுக்கு முன்னால் உள்ள ஹாட்-வயர் சென்சார் வழியாகப் போகும் காற்றை மட்டுமே அளக்கிறது. அதற்குப் பிறகு எங்கே கசிந்தாலும் ஈசியூவின் கணக்கு தவறும். த்ராட்டிலுக்குப் பின்னால் உள்ள ஒரு ஓட்டை, ஐடிலில் வேக்குவம் (உறிஞ்சும் அழுத்தம்) இருப்பதால் அளக்கப்படாத காற்றை உள்ளே இழுத்துக் கலவையை லீன் (பெட்ரோல் குறைவு) ஆக்கும்; அதே ஓட்டை, பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறியதும் அளக்கப்பட்ட காற்றை வெளியே தள்ளிக் கலவையை ரிச் (பெட்ரோல் அதிகம்) ஆக்கும். ஐடிலில் லீன், பூஸ்டில் ரிச் என்ற இரண்டும் ஒரே காரில் தெரிந்தால், மேப்பை விட்டுவிட்டு ஹோஸ்களில் கசிவைத் தேடுங்கள்.

இதை உறுதிசெய்ய, நிசானின் கன்சல்ட் போர்ட்டில் (பழுதறியும் இணைப்பில்) ரீடரை இணைத்து, ஏ/எஃப் ஆல்ஃபா என்ற எண்ணை (ஈசியூ செய்யும் பெட்ரோல் திருத்தத்தை) சூடான எஞ்சினில் ஐடிலிலும் 2,500 ஆர்பிஎம்-இலும் பாருங்கள். 100 என்பது நடுநிலை. அதற்கு மேல் போனால் ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஐடிலில் 115, 2,500 ஆர்பிஎம்-இல் 102 என்பது போல் வந்தால் அது காற்றுக் கசிவு. மொத்தக் காற்று கூடக் கூட, கசிவின் பங்கு சிறுத்துவிடும். இரண்டு இடத்திலும் ஒரே அளவு உயர்ந்திருந்தால், பெட்ரோல் அழுத்தத்தையும் சென்சாரின் அழுக்கையும் பாருங்கள். ஆனால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஸ்டட் உடைந்து கேஸ்கெட் கசிந்தால், வெளிக்காற்று ஆக்சிஜன் சென்சாரை ஏமாற்றி ஆல்ஃபாவை வீணாக உயர்த்தும். அங்கே கரி படிந்த கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிடுவது நல்லது.

கசிவைத் தேட, புகைச் சோதனையைத்தான் நான் நம்புகிறேன். சூடான டர்போவுக்குப் பக்கத்தில் கார்ப் க்ளீனர் அடித்துப் பார்க்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள், தீப்பிடிக்கும். சென்சாருக்குப் பின்னுள்ள குழாயை அடைத்து, மிகக் குறைந்த அழுத்தத்தில் புகையை விட்டு, சில நிமிடம் பொறுமையாகக் காத்திருங்கள். இதே போன்ற ஒரு எஸ்14-இல், எல்லோரும் இன்டர்கூலர் குழாய்களையே சந்தேகித்துக்கொண்டிருந்தபோது, பூஸ்ட் கேஜுக்காக வேக்குவம் ஹோஸில் செருகியிருந்த டி-இணைப்பின் அடிப்பக்கத்திலிருந்து நூல் போல் புகை எழுந்தது; வெப்பத்தில் இறுகிய ரப்பர், மேலிருந்து பார்த்தால் தெரியாதபடி கீழே பிளந்திருந்தது. இன்ஜெக்டர்களின் (பெட்ரோல் தெளிப்பான்களின்) ஓ-ரிங், பிசிவி வால்வு (கிராங்க்கேஸ் வாயுவை எஞ்சினுக்குத் திருப்பும் வால்வு), பிரேக் பூஸ்டர் ஹோஸ், த்ராட்டில் பாடி கேஸ்கெட் ஆகியவற்றையும் அதே புகையில் பார்த்துவிடலாம்.

நிறுத்தும்போது எஞ்சின் அணைவதற்கு, உங்கள் ப்ளோ-ஆஃப் வால்வே காரணமாக இருக்க அதிக வாய்ப்பு உண்டு. காலை எடுத்ததும் அது வெளியே விடும் காற்று, சென்சார் ஏற்கெனவே எண்ணிவிட்ட காற்று. அதற்கான பெட்ரோல் மட்டும் உள்ளே போய் கலவை ரிச் ஆகிறது. அதன் ஸ்பிரிங் தளர்வாக இருந்தால், ஐடிலின் வேக்குவத்திலேயே வால்வு திறந்து வெளிக்காற்றை இழுக்கவும் செய்யும். வெளியேறும் காற்றை, சென்சாருக்குப் பின்னும் டர்போவுக்கு முன்னும் உள்ள குழாயில் திருப்பி விடுங்கள். அந்தச் சத்தம் உங்களுக்குப் பிடித்திருக்கலாம். ஆனாலும் இந்த எஞ்சினுக்கு அது பொருந்தாது.

கசிவுகள் அடைபட்ட பிறகே ஸ்க்ரூக்களைத் தொடுங்கள். த்ராட்டில் மூடியிருக்கையில் டிபிஎஸ் (த்ராட்டிலின் நிலையைச் சொல்லும் சென்சார்) 0.45 முதல் 0.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். யாராவது த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகி ஐடிலைக் கூட்டியிருந்தால் இது மாறியிருக்கும், மூடிய நிலையை ஈசியூ உணராமலும் போகும். டிபிஎஸ் கனெக்டரைக் கழற்றிவிட்டு, டைமிங் லைட்டில் இக்னிஷன் டைமிங் 15 டிகிரியில் இருப்பதைச் சரிபார்த்து, அதன் பின் அடிப்படை ஐடிலை அமையுங்கள். 264 கேமுக்கு 950 அளவில் வைப்பது நியாயமானது.

இன்ஜெக்டர்களைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. தொழிற்சாலையின் 370 சிசி இன்ஜெக்டர்களுக்குப் பதிலாகப் பெரியவை இருந்தால், ஐடிலில் ஹெட்லைட்டையும் ஃபேனையும் போட்டுப் பாருங்கள். மின்னழுத்தம் இறங்கும்போது இன்ஜெக்டர் திறக்கத் தாமதமாகும். ஐடிலில் அது திறந்திருக்கும் நேரமே மிகக் குறைவு என்பதால், மேப்பில் அந்தத் தாமதம் தவறாக இருந்தால் ஐடில் உடனே குலையும். இந்த ஒன்று மட்டும் உண்மையாகவே ட்யூனரின் வேலை. ஆல்ஃபாவின் இரண்டு எண்களையும், டிபிஎஸ் வோல்ட்டையும், இன்ஜெக்டர் அளவையும் கருத்தில் எழுதுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.