கோப்புக்கும் குடும்பத்துக்கும் நடுவில்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: உளவுத்துறையில் பகுப்பாய்வாளராகப் பணிபுரியும் ஒரு பெண்ணை மையமாக வைத்து நாவல் எழுதுகிறேன். அறிக்கைகளைப் படிப்பதும் எழுதுவதும்தான் அவருடைய வேலை. துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. குடும்பத்துக்கும் கடமைக்கும் இடையே அவர் தவிப்பதை விறுவிறுப்பாகச் சொல்ல முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். 1962 அக்டோபர் 14 அன்று அமெரிக்காவின் யு-2 உளவு விமானம் கியூபாவின் மேல் பறந்து எடுத்த படங்கள், மறுநாள் வாஷிங்டனில் ஒரு கார் விற்பனையகத்தின் மேல்மாடிகளில் இயங்கிவந்த புகைப்பட ஆய்வு மையத்தில் அலசப்பட்டன. அங்கிருந்த பகுப்பாய்வாளர்கள், படங்களில் தெரிந்த நீண்ட உருவங்களை அளந்து, சோவியத் ராணுவ அதிகாரி ஒலெக் பென்கோவ்ஸ்கி ரகசியமாக அளித்திருந்த ஏவுகணைக் கையேடுகளின் விவரங்களோடு ஒப்பிட்டு, அவை சோவியத்தின் நடுத்தரத் தொலைவு ஏவுகணைகளே என்ற முடிவுக்கு வந்தார்கள். 16ஆம் தேதி காலையில் அதிபர் கென்னடிக்குத் தகவல் சொல்லப்பட்டது. நாட்டு மக்களுக்கு அவர் அதைத் தொலைக்காட்சியில் அறிவித்ததோ 22ஆம் தேதி மாலையில்தான்.

இடைப்பட்ட அந்த ஒரு வாரத்தை எண்ணிப் பாருங்கள். போர் மூண்டால் முதலில் தாக்கப்படக்கூடிய நகரங்களுள் ஒன்றில் மனைவி மக்களோடு வாழ்ந்துகொண்டு, 'பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடு' என்று ஒரு வார்த்தை சொல்லவும் உரிமையில்லாமல், வழக்கம்போல வீட்டுக்கு வந்து போக வேண்டிய நிலை அது. சொன்னால் ரகசியம் வெளியே போகும். ரகசியம் வெளியே போனால், அவசரப்படாமல் முடிவெடுக்க அதிபருக்குக் கிடைத்திருந்த அவகாசம் பறிபோகும். அதனால் வரும் ஆபத்து அதே பிள்ளைகளையும் தாக்கும். உங்கள் நாயகியை இப்படியொரு வாரத்தில் நிறுத்துங்கள். அவர் காணும் ஆபத்து அவருடைய வீட்டையும் தொடுவதாக இருக்கட்டும்; பிறகு விறுவிறுப்பைத் தனியாகத் தேடவேண்டியிராது.

கேள்வி: இத்தகைய கதைகளில் குடும்பத்தினரை எதிரிகள் கடத்திக்கொண்டு போவதாகவே பெரும்பாலும் காட்டுகிறார்களே, அதைப் பற்றி உங்கள் கருத்து என்ன?

பதில்: எனக்கு அது பிடிப்பதில்லை. கடத்தப்பட்ட குழந்தையை மீட்கத் தாய் எதையும் செய்வாள் என்பது வாசகருக்கு முன்பே தெரியும் என்பதால், அங்கே ஓட்டத்துக்கு இடமுண்டே தவிர, தவிப்புக்கு இடமில்லை. குடும்பத்தவரும் விவரம் அறிந்தவராக, தமக்கென்று ஒரு கடமை உடையவராக இருக்கும்போதுதான் இந்தக் கதைக்குக் கனம் கூடுகிறது.

அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சகத்தின் உளவு முகமையில் கியூபா விவகாரங்களுக்கான மூத்த பகுப்பாய்வாளராக இருந்த ஆனா மான்டெஸ், அந்தக் கியூபாவுக்கே ஏறத்தாழ 16 ஆண்டுகள் உளவு சொன்னவர். அலுவலகத்தில் படித்ததை மனப்பாடம் செய்துகொண்டு, வீட்டுக்கு வந்ததும் மடிக்கணினியில் தட்டச்சு செய்து வைப்பது அவருடைய வழக்கம். அவருடைய தம்பியும் தங்கையும் அமெரிக்காவின் உள்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யில் பணியாற்றினார்கள், அதிலும் தங்கை, மியாமியில் கியூப உளவாளிகளைப் பிடித்த வழக்குக்காக உழைத்த மொழிபெயர்ப்பாளர். ஒரே வீட்டில் பிறந்த இருவரில் ஒருவர் கியூபாவின் ரகசியங்களைத் துருவிக்கொண்டிருக்க, மற்றவர் கியூபாவுக்கு ரகசியங்களைக் கொடுத்துக்கொண்டிருந்தார். 2001 செப்டம்பர் 21 அன்று அக்கா கைதான பிறகுதான் தங்கைக்கு உண்மை தெரியவந்தது. 25 ஆண்டு சிறைத்தண்டனை பெற்ற மான்டெஸ், 2023 ஜனவரியில் விடுதலையானார். நாவலாசிரியர்கள் இத்தகைய கதையை அக்காவின் பக்கத்திலிருந்தே எழுத விரும்புவார்கள். நானாக இருந்தால் தங்கையைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஏனென்றால், அக்காவைப் பற்றித் தமக்குத் தெரிந்தவை அத்தனையையும் மறுபடியும் முதலிலிருந்து அலச வேண்டிய நிலைக்கு ஆளானவர் அவரே.

கேள்வி: நாயகி மனம் பொறுக்காமல் கணவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவதாகக் காட்சி வைக்கலாமா?

பதில்: வைக்கலாம், ஆனால் அந்தக் கணத்திலிருந்து கணவரும் ரகசியத்தைச் சுமப்பவராகிவிடுகிறார் என்பதையும் காட்டியாக வேண்டும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் பிளெட்ச்லி பார்க்கில் பகைவரின் சங்கேதச் செய்திகளை உடைத்தவர்களில் பலர், 1970களின் நடுப்பகுதியில் விஷயம் வெளியாகும்வரை வாழ்க்கைத்துணையிடம்கூட வாய் திறக்கவில்லை.

கேள்வி: கடமைக்காகப் பிரிந்த குடும்பம் இறுதியில் ஒன்றுசேர்வதாக முடிப்பது நம்பும்படி இருக்குமா?

பதில்: ஒன்றுசேர்வதை நம்பலாம், அதோடு எல்லாம் சரியாகிவிட்டதாக எழுதினால்தான் நம்ப முடியாது. சோவியத் உளவு அமைப்பான கே.ஜி.பி.யின் அதிகாரியாக இருந்துகொண்டே பிரிட்டனுக்காக உளவு பார்த்த ஒலெக் கோர்டியெவ்ஸ்கி, சந்தேகம் தம்மேல் விழுந்ததும், 1985 ஜூலையில் ஒரு காரின் பின்பெட்டியில் ஒளிந்து பின்லாந்துக்குத் தப்பினார். விடுமுறைக்குச் சென்றிருந்த மனைவியிடமும் இரண்டு பெண் குழந்தைகளிடமும் அவர் எதையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், விசாரணையில் அவர்களும் குற்றத்துக்கு உடந்தையானவர்களாகக் கருதப்பட்டிருப்பார்கள். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1991இல்தான் அவர்கள் பிரிட்டனுக்கு வந்து சேர முடிந்தது. ஆனால் அந்த மணவாழ்க்கை நிலைக்கவில்லை. மனைவியைக் காப்பதற்காகவே சொல்லவில்லை என்று கணவர் கூறினாலும், தாம் முடிவெடுக்கவே இடம் தரப்படவில்லை என்று ஒரு மனைவி கேட்டால் அதற்கு என்ன பதில் இருக்கிறது? ஆகவே, அந்தச் சந்திப்பைக் கடைசி அத்தியாயத்துக்கு ஒத்திவைக்காதீர்கள். நாவலின் நடுவிலேயே அவர்களைச் சந்திக்க வைத்து, அதன்பின் ஒரே வீட்டில் அவர்கள் வாழப் பார்க்கும் மாதங்களுக்கு மீதிப் பக்கங்களைக் கொடுங்கள்.