அப்பாவின் நாற்காலியும் சித்தப்பாவின் பேனாவும்

கேள்வி: எனக்கு 29 வயது. நாகர்கோவிலில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கராக இருக்கிறேன். தாத்தா தென் எல்லைப் போராட்டத்தில் சிறை சென்றவர். அப்பா இரண்டு முறை ஊராட்சித் தலைவர்; சென்ற ஆண்டு மாரடைப்பில் காலமானார். அடுத்த தேர்தலில் நான்தான் நிற்க வேண்டும் என்று கட்சிக்காரர்கள் வீட்டுக்கே வந்து சொல்கிறார்கள். "நீ கையெழுத்துப் போட்டால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார் சித்தப்பா. அம்மாவுக்கு விருப்பமில்லை. எனக்கு ஆசையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கல்குளம் வட்டம்

பதில்: அன்பு மகளே, சித்தப்பா சொன்னதை நீ போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். எனக்கு உறுத்தியது அதுதான். நிற்பதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்ப்போம்.

ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து ஒப்புதல் தர வேண்டும். குளம் தூர்வாரியதாகப் பில் வந்து, குளத்தில் ஆகாயத்தாமரை அப்படியே மண்டிக் கிடந்தால், விளக்கம் கேட்டு வரும் கடிதத்தில் உன் பெயர்தான் இருக்கும். தலைவரைப் பதவியிலிருந்து நீக்கும் அதிகாரத்தை 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆவது பிரிவு மாவட்ட ஆட்சியருக்குத் தருகிறது. அந்த நோட்டீஸ் சித்தப்பா வீட்டுக்குப் போகாது. பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் வந்த பிறகும் தலைவியின் நாற்காலியில் கணவரோ அண்ணனோ உட்கார்ந்திருக்கும் ஊர்கள் உனக்கும் தெரியும். கணக்குப் படித்த பெண் நீ. படிக்காத தாளில் கையெழுத்துப் போடுவாயா?

வாரிசு என்று ஊர் பேசுமே என்ற பயம் உனக்கு வேண்டாம். நம் மாவட்டத்துக்கு இது புதிதில்லை. குமரி அனந்தன் 1977-இல் நாகர்கோவில் மக்களவை உறுப்பினரானார். அவர் தம்பி வசந்தகுமார் வணிகத்தில் ஊன்றிய பிறகே சட்டமன்றம் போனார். 2014-இல் கன்னியாகுமரித் தொகுதியில் தோற்று, 2019-இல் வென்றார். 2020 ஆகஸ்டில் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு இடைத்தேர்தலில் மகன் விஜய் வசந்த் வென்றார், 2024-இல் மறுபடியும் வென்றார். அதே குடும்பத்தில் குமரி அனந்தனின் மகள் தமிழிசை, அப்பாவின் கட்சியை விட்டு பா.ஜ.க.வுக்குப் போனார். ராதாபுரம், வேளச்சேரி, தூத்துக்குடி, தென் சென்னை என்று நின்ற இடமெல்லாம் தோல்வி. ஆனாலும் கட்சியின் மாநிலத் தலைவராகவும் தெலங்கானா ஆளுநராகவும் இருந்தார். ஒரே வீட்டுப் பெயர் ஒருவருக்குக் கைகொடுத்தது, இன்னொருவருக்கு வாக்குப்பெட்டியில் உதவவில்லை. காமராசரையும் நினைத்துப் பார். 1967-இல் சொந்த ஊரான விருதுநகர் கைவிட்டவரை, 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவில்தான் டெல்லிக்கு அனுப்பியது. அவருக்கு இங்கே என்ன சொந்தம், என்ன பந்தம்?

உன் காரியத்துக்கு வருவோம். ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. ஆகவே யாராவது "டிக்கெட் வாங்கித் தருகிறோம்" என்றால் சிரித்துக்கொண்டே காபி கொடுத்து அனுப்பிவிடு. உன் பெயர் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார். வேலைக்காக நாகர்கோவிலுக்கு மாற்றியிருந்தால் வேட்புமனுவே நிற்காது. இடஒதுக்கீடும் சுழற்சியில் மாறும். அறிவிப்பு வராமல் வேலையை விட்டுவிடாதே.

அதற்குள் ஒன்று செய். அடுத்த கிராமசபைக்குப் போ. மேடைப் பக்கம் நாற்காலி போடுவார்கள், உட்காராதே; பெண்களோடு பாயில் உட்கார்ந்து வரவு செலவு அறிக்கையை வாங்கிப் படி. புரியாத ஒரு வரியைப் பற்றி எழுந்து கேள். அப்பா காலத்துக் கணக்காக இருந்தாலும் கேள். அன்று இரவு சித்தப்பா உன்னிடம் எப்படிப் பேசுகிறார் என்பதைக் கவனி. "நல்ல கேள்விதான் கேட்டாய்" என்றால் அவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். "வீட்டு மானத்தை வாங்கிவிட்டாயே" என்றால் அவரை நம்பி மனுத் தாக்கல் செய்யாதே. நிற்பதென்றால் அவர் இல்லாமல் நில்.

அம்மாவின் மறுப்பைப் பயம் என்று ஒதுக்கிவிடாதே. முதியோர் உதவித்தொகைக்கு, தெருவிளக்குக்கு, வழித்தகராறுக்கு என்று விடியற்காலையில் வந்து நின்றவர்களுக்கெல்லாம் பத்து வருடம் தேயிலைத் தண்ணீர் போட்டுக் கொடுத்தவர் அவர். அப்பாவிடம் காரியம் முடிந்ததும் திரும்பிப் பார்க்காதவர் யார், அவர் போன பிறகும் வாசல் மிதிப்பவர் யார் என்று அவரிடம் கேட்டு எழுதிக்கொள். வாக்குக் கேட்கப் போகும்போது உனக்கு அந்தப் பட்டியல் வேண்டியிருக்கும்.